கடற்பாசியும் கொழுந்தும்: ஏகாரேசு என்னும் நொதியம் பற்றிய ஒரு விளக்கம்

1

கண்டி நகரம் கடலிலிருந்து தொலைவில், ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. ஆயினும், கடல் தரும் பொருளொன்று இந்நகரின் வாழ்வில் இரு வேறு இடங்களிற் புழங்கி வருகின்றது. நோன்பு மாதத்து மாலைகளில் அக்குறணையிலும் கண்டியிலும் நோன்பு திறப்போரின் தட்டுகளில் இடம்பெறும் கடற்பாசி ஒன்று. உலர்ந்த இழைகளை நீரிற் கொதிக்க வைத்துக் கரைத்து, சீனியும் நிறமும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, உறைந்தபின் துண்டுகளாக வெட்டி உண்பர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களில், பெத்திரிக் கிண்ணங்களில் ஊற்றி உறைய வைக்கப்படும் ஏகார் மற்றொன்று. முன்னையது உணவு, பின்னையது பற்றீரியாக்களை வளர்ப்பதற்கான ஊடகம். இரண்டும் ஒரே பொருளே. செங்கடற்பாசிகளின் கலச்சுவரிலிருந்து பெறப்படும் ஒரு பல்சக்கரைட்டு அது.

உணவிலும் ஆய்விலும் ஏகார் பயன்படுவதற்குக் காரணம், அது எளிதிற் சிதையாமையே. எனினும் இயற்கையில் உருவானது எதுவும் இயற்கையிற் சிதைக்கப்படாது எஞ்சுவதில்லை. கடலில் வாழும் சில பற்றீரியாக்கள் ஏகாரை வெட்டித் துண்டாக்கும் நொதியமொன்றைச் சுரக்கின்றன. அதுவே ஏகாரேசு. ஒரு பாசியை உண்பதற்காகக் கடல் நுண்ணுயிர் உருவாக்கிய இக்கருவி, இன்று உலகின் உயிரியல் ஆய்வுகூடங்களில் விலைகொடுத்து வாங்கப்படும் பண்டமாகியுள்ளது.

இக்கட்டுரையாசிரியர் இலக்கியத் துறை சார்ந்தவர். இரசாயனத்தில் புதிதாக எதையும் கண்டுரைக்கும் தகுதி அவருக்கில்லை. ஆயினும், ஒரு பொருளை அதன் வேதியியல் அமைப்பில் மாத்திரமன்றி, அது யாருடைய கைகளினூடாக வந்து சேர்கின்றது என்னும் சமூக உறவிலும் வைத்து நோக்குதல் எல்லாத் துறையினர்க்கும் உரிய பணியாகும். ஏகாரேசின் தொழிற்பாட்டைத் தமிழில் விளக்குவதும், அந்நொதியமும் அது சிதைக்கும் பொருளும் எத்தகைய உழைப்பின் மீது நிற்கின்றன என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2

பல்சக்கரைட்டு என்பது எளிய வெல்ல மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் நீண்ட சங்கிலியாகும். அரிசியிலும் மரவள்ளியிலுமுள்ள மாப்பொருளும், மரத்திலும் பருத்தியிலுமுள்ள செலுலோசும் இவ்வகையினவே. வியப்பு யாதெனின், இவ்விரண்டும் குளுக்கோசு என்னும் ஒரே வெல்லத்தாலானவை. மாப்பொருளை நாம் உண்டு செரிக்கின்றோம். செலுலோசை நம் உடல் செரிப்பதில்லை. வேறுபாடு மூலக்கூறுகள் பிணைந்துள்ள முறையிலேயே உள்ளது. பிணைப்பின் திசை மாறும்போது பொருளின் குணமும் முற்றாக மாறிவிடுகின்றது. உறுப்புகளின் தொகையைக் கொண்டு மாத்திரம் முழுமையை அறிய முடியாது, உறுப்புகளுக்கிடையிலான உறவே முழுமையைத் தீர்மானிக்கின்றது என்னும் இயக்கவியற் கோட்பாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏகார் தனியொரு பொருளன்று. அதனுள் ஏகாரோசு, ஏகாரோபெக்ரின் என இரு பகுதிகள் உள்ளன. உறையும் தன்மையைத் தருவது ஏகாரோசே. அதன் அமைப்பை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிவுபடுத்தியவர் யப்பானிய அறிஞர் அராக்கி. ஏகாரோசின் சங்கிலியில் இரு வெல்லங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று கலக்ரோசு, மற்றது கலக்ரோசிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு நீங்கி உள்ளே வளையமொன்று உருவாகிய அன்ஐதரோகலக்ரோசு. வெல்லங்கள் மாறி மாறி வருவது போலவே பிணைப்புகளும் இருவகையாக மாறி மாறி வருகின்றன. ஒன்றை அல்பா பிணைப்பு எனவும் மற்றதைப் பீற்றா பிணைப்பு எனவும் வழங்குவர்.

சூடான நீரில் இச்சங்கிலிகள் தனித்தனியே மிதக்கின்றன. ஆறும்போது அவை இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, முறுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகின்றன. அவ்வலையின் கண்களுள் நீர் சிறைப்படுகின்றது. நூறு மில்லிலீற்றர் நீரை உறைய வைப்பதற்கு ஒன்றரைக் கிராம் ஏகார் போதுமானது. அதாவது, நாம் கையிலெடுத்து உண்ணும் கடற்பாசித் துண்டில் மிகப்பெரும் பகுதி நீரேயாகும். இன்னொரு சிறப்பும் உண்டு. உறைந்த ஏகார் உருகுவதற்கு ஏறக்குறைய 85 பாகை செல்சியசு வெப்பம் தேவை. உருகிய ஏகார் மீண்டும் உறைவதோ ஏறக்குறைய 35 முதல் 40 பாகையிலாகும். உருகும் வெப்பநிலைக்கும் உறையும் வெப்பநிலைக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே ஏகாரை ஆய்வுகூடத்துக்கு இன்றியமையாததாக்கியது.

3

நொதியம் என்னும் கலைச்சொல் நொதித்தல் என்பதிலிருந்து பிறந்தது. அப்பமாவு பொங்குவதையும் கித்துள் கள் புளித்து நுரைப்பதையும் நம்மவர் நொதித்தல் என்றனர். மேலைநாட்டு மொழிகளில் வழங்கும் சொல்லும் 1870களில், ‘புளிப்பின் உள்ளே இருப்பது’ என்னும் பொருள்பட, கிரேக்க மூலத்திலிருந்து ஆக்கப்பட்டதே. இரு மொழிகளும் சமையலறை அனுபவத்திலிருந்தே அறிவியற் கருத்தைப் பெயரிட்டுள்ளன. மொழிக்கு அறிவியல் அந்நியமானது எனக் கூறுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மலையகத்தில் வாழ்வோர்க்கு நொதியத்தின் தொழிற்பாடு கண்கூடானது. பறித்த கொழுந்தை வாட்டி, உருளையில் அரைத்து, பரப்பி வைக்கும்போது பச்சை நிறம் செம்பு நிறமாகின்றது. தொழிற்சாலையில் இதனை நொதிக்க வைத்தல் என்று கூறினும், இங்கு நுண்ணுயிர் எதுவும் தொழிற்படுவதில்லை. இலையின் கலங்கள் கசங்கும்போது வெளிவரும் இலையின் சொந்த நொதியமே காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு இம்மாற்றத்தை நிகழ்த்துகின்றது. உரிய வேளையில் சூடேற்றினால் நொதியம் செயலிழந்து மாற்றம் நின்றுவிடும். நொதியம் ஒரு புரதம் என்பதும், அது தாக்கத்தை விரைவுபடுத்தும் என்பதும், வெப்பத்தால் அழியும் என்பதும் தேயிலைத் தொழிற்சாலையொன்றின் அன்றாட நடைமுறையிலேயே அடங்கியுள்ளன.

நொதியத்தின் தனிச்சிறப்பு அதன் குறிப்பான தன்மையாகும். ஏகாரோசை அமிலத்திலிட்டுக் காய்ச்சினாலும் அது சிதையும். ஆனால் அமிலம் கண்ட இடத்தில் வெட்டும், அதிலும் எளிதில் உடையும் அல்பா பிணைப்பையே முதலில் தாக்கும், அன்ஐதரோகலக்ரோசையும் உருக்குலைத்துவிடும். எஞ்சுவனவற்றைக் கொண்டு மூலப்பொருள் எவ்வாறிருந்தது எனக் கூறுவது அரிது. ஏகாரேசு அவ்வாறு செய்வதில்லை. பீற்றா ஏகாரேசு எனப்படும் வகை பீற்றா பிணைப்பை மாத்திரம், நீர் மூலக்கூறொன்றின் துணைகொண்டு, பிளக்கின்றது. அல்பா ஏகாரேசு மற்றைய பிணைப்பைப் பிளக்கின்றது. புரதத்தின் மடிப்பிலுள்ள பள்ளமொன்றில் ஏகாரோசுச் சங்கிலி பொருந்தி அமர்ந்த பின்னரே வெட்டு நிகழ்கின்றது. பீற்றா ஏகாரேசினால் கிடைப்பன நான்கு அல்லது ஆறு வெல்ல அலகுகள் கொண்ட ஒழுங்கான துண்டுகள். இத்துண்டுகள் முறுக்கிக்கொள்ள இயலாதவாறு குறுகியவை. ஆகவே வலை குலைகின்றது. சிறைப்பட்ட நீர் விடுபடுகின்றது. உறைபொருள் மீண்டும் உறைய இயலாத நீர்மமாகின்றது.

இலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று. புள்ளியும் இடைவெளியுமின்றி எழுதப்பட்ட ஏட்டுச்சுவடியைப் படிப்போர் முதலிற் செய்யவேண்டியது பதம் பிரித்தல். ‘பலகையொலி’ என ஏட்டிலிருப்பின், அதனைப் பலகை ஒலி எனவும் பிரிக்கலாம். பல கை ஒலி எனவும் பிரிக்கலாம். வெட்டு விழும் இடம் மாறினால் தச்சனின் பட்டறை கூட்டத்தின் கைதட்டலாகிவிடும். சி. வை. தாமோதரம்பிள்ளை முதலான பதிப்பாசிரியர்கள் ஏடுகளை எண்ணுவதோடு நில்லாது, எங்கே பிரிப்பது என்னும் அறிவையும் கைக்கொண்டதனாலேயே பழந்தமிழ் நூல்கள் நமக்குப் பொருளுடையனவாயின. ஒரு முழுமையை அறிவதற்கு அதனைப் பகுத்தல் வேண்டும். ஆனால் பகுப்பு அம்முழுமையின் உள்ளமைப்பைப் பின்பற்றியதாயிருத்தல் வேண்டும். அமிலத்துக்கும் ஏகாரேசுக்குமிடையிலான வேறுபாடு இதுவே.

4

ஏகார் ஆய்வுகூடத்தினுட் புகுந்த வரலாறு தனித்துக் கூறத்தக்கது. றொபேட் கொக் என்னும் யேர்மானிய மருத்துவர் பற்றீரியாக்களைத் தனித்தனி இனமாகப் பிரித்து வளர்ப்பதற்குத் திண்ம ஊடகமொன்றைத் தேடினார். விலங்கின் எலும்பு, தோல் என்பவற்றிலிருந்து பெறப்படும் செலற்றீனை அவர் பயன்படுத்தினார். இதில் இரு குறைகள் இருந்தன. உடல் வெப்பநிலையான 37 பாகையில் செலற்றீன் உருகிவிடும். மேலும், பல பற்றீரியாக்கள் செலற்றீனைச் செரித்து நீராக்கிவிடும். நோய்க்கிருமிகளோ உடல் வெப்பநிலையிலேயே நன்கு வளர்வன.

கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வோல்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவருக்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. அவருடைய மனைவியும் உதவியாளருமான ஃபனி ஹெஸ்ஸே, கோடையிலும் உருகாத தம் வீட்டு இனிப்புகளிற் சேர்க்கும் ஏகாரை முயன்று பார்க்குமாறு கூறினார். யாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய ஒல்லாந்த அயலவர் ஒருவரிடமிருந்து அவர் அதனை அறிந்திருந்தார். ஏகார் என்பதே மலாய்ச் சொல்லாகும். இது நிகழ்ந்தது 1881ஆம் ஆண்டளவில். 1882இல் கொக் காசநோய்க் கிருமி பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஏகார் பயன்படுத்தப்பட்டமை கூறப்பட்டது. அதனைத் தந்தவரின் பெயர் கூறப்படவில்லை. கீழைத்தேயச் சமையலறைகளின் கூட்டறிவு, ஒல்லாந்தக் குடியேற்றத்தின் வழியே ஐரோப்பியச் சமையலறைக்கும், அங்கிருந்து ஊதியமற்ற ஒரு பெண்ணின் கைவழியே ஆய்வுகூடத்துக்கும் சென்றது.

நம் நாட்டுக் கடற்பாசியும் இவ்வரலாற்றின் புறத்தே நின்றதன்று. புத்தளம், யாழ்ப்பாணம் ஆகியவற்றின் களப்புகளிற் கிடைக்கும் கிரசிலேறியா என்னும் செம்பாசி, 19ஆம் நூற்றாண்டின் மருந்து நூல்களில் ‘சிலோன் பாசி’ என்னும் பெயரில் இடம்பெற்றது. பேராதனைத் தாவரவியற் பூங்காவை 1849 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடத்திய துவெயிற்சு என்பவர், இலங்கைக்கு வருமுன்னரே நுண்பாசிகள் பற்றிய ஆய்வினாற் பெயர்பெற்றிருந்தவர். எனினும் அவர் காலத்துப் பூங்காவின் கவனம் குயினா, தேயிலை, இறப்பர் எனப் பெருந்தோட்டத்துக்கு வேண்டிய பயிர்களின் மீதே இருந்தது. எதனை ஆராய்வது என்பதை ஆய்வாளனின் ஆர்வத்தைவிட, அவனுக்குப் படியளக்கும் பொருளாதாரமே தீர்மானிக்கின்றது. இலங்கைக் கடற்பாசிகள் பற்றிய விரிவான நூல், சுதந்திரத்துக்குப் பின்னர், 1961இலேயே கடற்றொழில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மு. துரைரத்தினத்தால் வெளிவந்தது.

5

பற்றீரியாவால் செரிக்கப்படாத ஊடகம் என்று போற்றப்பட்ட ஏகாருக்கும் ஒரு பகை இருந்தது. 1902இல் நோர்வே நாட்டு அறிஞர் கிரான், கடல்நீரிலிருந்து பெற்ற பற்றீரியாவொன்று தான் வளரும் ஏகார்த் தளத்தையே குழிதோண்டி உண்பதைக் கண்டார். அது சுரந்த நொதியத்துக்கு அவர் ‘கெலேசு’ என்று பெயரிட்டார். பின்னர் அது ஏகாரேசு எனப்பட்டது. இவ்வாற்றல் கடல்வாழ் பற்றீரியாக்களிடையே பரவலாகவும், மண்ணில் வாழ்வனவற்றுட் சிலவற்றிடமும் காணப்படுகின்றது. செம்பாசிகள் செறிந்த கடலில், பாசி இறந்தபின் அதன் கலச்சுவரிலுள்ள காபனை மீண்டும் உயிர்ச்சுழற்சிக்குக் கொண்டுவருவன இவையே.

1957இல் கனேடிய ஆய்வாளர் யாபே, சூடோமோனாசு அற்லான்ரிக்கா என்னும் கடற் பற்றீரியாவின் ஏகாரேசைக் கொண்டு எப்பாசியில் உண்மையான ஏகார் உள்ளது என்பதை இனங்காணும் முறையொன்றை வெளியிட்டார். செம்பாசிகள் தரும் உறைபொருள்கள் யாவும் ஏகாரல்ல. கராசீனன் முதலியனவும் உண்டு. தோற்றத்தில் ஒத்த இவற்றை ஏகாரேசு பிரித்தறிந்தது. தான் வெட்டக்கூடியதை வெட்டியது. அல்லாததைத் தொடாது விட்டது. நொதியம் இங்கே சாட்சியாயிற்று.

இன்று அதன் முதன்மையான பயன் மரபுப் பொருளான டீ.என்.ஏ. ஆய்விலாகும். வெவ்வேறு நீளமுள்ள டீ.என்.ஏ. துண்டுகளைப் பிரிப்பதற்கு, ஏகாரோசுப் பாளமொன்றின் ஊடாக மின்புலத்தில் அவற்றை நகர்த்துவர். சிறியவை வலைக்கண்களூடே விரைந்தும் பெரியவை பிந்தியும் செல்லும். வேண்டிய துண்டு நிற்கும் இடத்தைப் பாளத்தோடு வெட்டியெடுத்தபின், அதனுட் சிக்கிய டீ.என்.ஏ.யை வெளியே எடுப்பது எவ்வாறு என்பதே வினா. பிழிந்தாலோ விசையுடன் உறிஞ்சினாலோ நீண்ட டீ.என்.ஏ. இழை அறுந்துவிடும். இங்கே ஏகாரேசு துணைபுரிகின்றது. தாழ்ந்த வெப்பத்தில் உருகும் தனிவகை ஏகாரோசைப் பயன்படுத்தி, பாளத்துண்டை ஏறக்குறைய 65 பாகையில் உருக்கி, 42 பாகைக்கு ஆறவிட்டு, ஏகாரேசைச் சிறிதளவு சேர்த்து ஒரு மணிநேரம் வைப்பர். வலை கரைந்துவிடும், டீ.என்.ஏ. அறாது எஞ்சும். சிறையை உடைத்துச் சிறைப்பட்டவரை ஊறின்றி மீட்கும் செயல் இது.

2010ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்த ஒரு முடிவும் குறிப்பிடத்தக்கது. கடற் பற்றீரியாவொன்றில் செம்பாசியின் பல்சக்கரைட்டுகளைச் சிதைக்கும் நொதியங்களை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அதே நொதியங்களுக்கான மரபணுக்களை யப்பானியரின் குடலில் வாழும் பற்றீரியாக்களிலும் கண்டனர். ஒப்புநோக்கிய வட அமெரிக்கரின் குடலில் அவை காணப்படவில்லை. பாசியைப் பலநூறு ஆண்டுகளாக உண்டுவந்த மக்களின் உணவோடு உட்சென்ற கடல் நுண்ணுயிரிலிருந்து குடல் நுண்ணுயிர் அம்மரபணுக்களைப் பெற்றுக்கொண்டது என அவர்கள் விளக்கினர். மனித உடல் வரலாற்றுக்குப் புறம்பான மாறாப் பொருளன்று. மக்களின் உணவும் தொழிலும் அவர்களுடைய குடலின் நுண்ணுயிர் வரை எழுதப்படுகின்றன. நம்மவர் கடற்பாசியை நெடுநேரம் கொதிக்க வைத்தே உண்பதால் அதனோடு உயிருள்ள பற்றீரியா உட்செல்வதில்லை என்பதும் உடன் கருதத்தக்கது. உணவு மாத்திரமன்றி, உணவை ஆக்கும் முறையும் வரலாற்றை ஆக்குகின்றது.

6

இனி, ஆய்வுகூட மேசையிலுள்ள வெண்ணிறத் தூளின் பின்னாற் செல்வோம். போத்தலின் மீது வணிகப்பெயரும் எடையும் தரமும் எழுதப்பட்டிருக்கும். அதனைக் கடலிலிருந்து எடுத்தவர் பற்றி எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. மாக்சு, 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், உழைப்பை மனிதனுக்கும் இயற்கைக்குமிடையிலான பொருட்பரிமாற்றமாக விளக்கினார். அந்நூலிலேயே, பண்டம் தன்னை உண்டாக்கிய மனித உறவுகளை எவ்வாறு மறைக்கின்றது என்பதையும் விளக்கினார். ஏகார்த் தூள் இவ்விரண்டுக்கும் எடுத்துக்காட்டாகும்.

மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுக் கரையில், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை முதலான இடங்களில், 1966 முதல் வணிக நோக்கில் கடற்பாசி எடுக்கப்படுகின்றது. எடுப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். கஞ்சிப்பாசி என அவர்கள் வழங்குவது கிரசிலேறியா. மரிக்கொழுந்துப் பாசி என வழங்குவது ஜெலிடியெல்லா. இரண்டும் ஏகார் தருவன. காற்றுக்குழாயோ சுவாசக் கருவியோ இன்றி, கண்ணாடியொன்றை அணிந்து, விரல்களிற் சீலைத்துண்டைச் சுற்றி, இடுப்பிற் பையைக் கட்டி மூழ்கி, மூச்சடக்கிய நேரத்துள் பாறையிலிருந்து பாசியைப் பறித்து மேலே வருவர். பவளப்பாறை கையையும் காலையும் கிழிக்கும். கரையில் உலர்த்திய பாசியை நிறுத்து வாங்குபவர் வணிகர். விலை கூறுபவரும் அவரே.

1986இல் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்த பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பவளப்பாறையைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், தலைமுறையாக அக்கடலிற் பாசி எடுத்தோர் ஒரே நாளில் அத்துமீறுவோராயினர். பையும் பாசியும் பறிக்கப்பட்டன, தண்டமும் விதிக்கப்பட்டது. அப்பெண்கள் சங்கமாகத் திரண்டனர். உலோகக் கருவியைத் தவிர்த்துக் கையாற் பறித்தல், மாதத்தில் வரையறுத்த நாட்களில் மாத்திரம் கடலில் இறங்கல் எனத் தமக்குத் தாமே விதிகளை வகுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சர்வதேச சீக்கொலஜி பரிசு வழங்கப்பட்டது. இயற்கையைக் காப்பதும் உழைப்போர் வாழ்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்னும் கூற்றை அவர்கள் நடைமுறையில் மறுத்தனர்.

கண்டியில் வாழும் நமக்கு அக்கரை அந்நியமானதன்று. காப்பித்தோட்டக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தனர். வழியில் இறந்தோர் பலர். பிற்காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு வருவோரைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் முகாம் மண்டபத்தில் அமைந்தது. வாந்திபேதியையும் பிற நோய்களையும் காவுவோர் என்ற கண்கொண்டே தொழிலாளர் அங்கு நோக்கப்பட்டனர். 1947இல் இந்திய அரசு நிறுவிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ந்ததும் அதே மண்டபம் முகாமிலேயே. இந்தியக் கடற்பாசிகளிலிருந்து ஏகார் பிரிக்கும் முறைகள் அங்கு ஆராயப்பட்டன. 1980கள் முதல், போரினால் ஓடிய இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கவைக்கப்பட்டதும் மண்டபத்திலேயே. கிருமிச் சோதனை, பாசி ஆராய்ச்சி, அகதி வாழ்வு ஆகிய மூன்றும் ஒரே மணற்பரப்பில் நிகழ்ந்துள்ளன.

மலையில் கூடை சுமந்து பெண்கள் பறிப்பதும் கொழுந்து; கடலில் மூச்சடக்கிப் பெண்கள் பறிப்பதும் மரிக்கொழுந்து. பெயரொற்றுமை தற்செயலானதே. உறவொற்றுமை தற்செயலானதன்று. இரண்டிலும் விரலே கருவி, நிறுவையே கூலி. இரண்டிலும் மூலப்பொருள் கைமாறிய பின்னரே பெருமதிப்பு ஏறுகின்றது.

7

ஏகாருக்கும் ஏகாரேசுக்குமிடையே உலகச் சந்தையில் ஓர் ஏணி உள்ளது. அடிப்படியில் உலர்ந்த பாசி. அதன்மேல் உணவுத் தர ஏகார். அதன்மேல் நுண்ணுயிரியல் தர ஏகார். அதன்மேல் தூய ஏகாரோசு. உச்சியில், துளிக்கணக்கிலும் அலகுக்கணக்கிலும் விலை கூறப்பட்டு, உறைநிலைக்குக் கீழே பேணிப் பெறப்படும் ஏகாரேசு. நம் கரைகள் பெரிதும் அடிப்படியில் நிற்கின்றன; நம் ஆய்வுகூடங்களோ மேற்படிகளிலுள்ளவற்றைப் பணங்கொடுத்து வாங்குகின்றன. கிரசிலேறியாவின் ஏகாரிற் சல்பேற்று மிகுதியாகையால், காரத்தில் முன்கூட்டியே பதப்படுத்தினாலன்றி அது திடமாக உறைவதில்லை. இந்த ஒரு தொழில்நுட்பப் படியே உணவுத் தரத்தை உயர்த்துகின்றது. அப்படி எங்கே நிகழ்கின்றதோ அங்கேயே இலாபமும் தங்குகின்றது.

இவ்வேணி உறுதியானதுமன்று. இரண்டாம் உலகப்போரில் யப்பான் போரில் இறங்கியதும் ஏகார் வரத்து நின்றுபோக, நேச நாடுகள் தத்தம் கரைகளிற் பாசி தேடின. 2015இல், ஜெலிடியம் பாசியின் முதன்மை வழங்குநரான மொரோக்கோ தன் வளத்தைக் காக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, ஏகாரின் மொத்த விலை கிலோகிராமொன்று 35 முதல் 45 அமெரிக்க டொலர் வரை, ஏறக்குறைய மும்மடங்காக உயர்ந்தது. 2022இல் நம் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்தும் எரிபொருளும் தட்டுப்பாடாயின. அயல்நாட்டுப் போத்தலையே நம்பியிருக்கும் அறிவு, வங்கியின் கையிருப்போடு ஏறி இறங்கும் என்பதை அவ்வாண்டு கற்பித்தது.

ஆயின், ஏகாரேசு எங்கேயுள்ளது? அதனைச் சுரக்கும் பற்றீரியாக்கள் பாசி வளரும் கடல்தோறும் உள்ளன. நம் கடலும் அதற்கு விலக்கன்று. அவற்றைத் தேடும் சோதனையும் எளிது. கற்பிட்டியிலோ மன்னாரிலோ அழுகத் தொடங்கிய செம்பாசித் துண்டொன்றைக் கடல்நீரோடு எடுத்து வந்து, அந்நீரின் ஒரு துளியைக் கடல்நீரால் ஆக்கிய ஏகார்த் தட்டிற் பரப்பி, சில நாள் வைத்திருத்தல் வேண்டும். தட்டு எங்கே குழிகின்றதோ அங்கே ஏகாரை உண்ணும் பற்றீரியா உள்ளது. குழி தெளிவற்றிருப்பின் அயடீன் கரைசலை ஊற்றலாம். சிதையாத ஏகார் கபில நிறமாகும். நொதியம் பரவிய இடம் நிறமற்ற வட்டமாகத் தெரியும். பிரித்தெடுத்தல், தூய்மையாக்கல் என்பன கடின உழைப்பை வேண்டுவனவே. ஆனால் முதற் படிக்கு வேண்டியவை தட்டும் கடல்நீரும் அயடீனும் பொறுமையுமே.

பேராதனையின் தட்டில் விழும் அவ்வட்டத்தைக் காணும் மாணவர், ஊடகமாக உறைந்திருப்பதும் ஒருவருடைய மூச்சடக்கிய உழைப்பே என்பதையும் கூடவே அறிதல் வேண்டும். அதனை அவர்க்கு அவர்தம் மொழியிற் கூறுதல் தமிழ் ஆய்விதழ்களின் கடமையாகும். எங்கே வெட்டுவது என்பதை நுண்ணுயிர் அறிந்துள்ளது. எதனோடு எது பிணைந்துள்ளது என்பதை அறிவது நம் பொறுப்பு.